மாணவர் பட்ஜெட்டில் முதல் ஏர் பிஸ்டல்: எதைப் பார்த்து வாங்குவது?

இந்தியாவில் இலக்குச் சுடுதலைத் தொடங்கும் மாணவருக்கு முதல் கைத்துப்பாக்கி என்றால் அது, 10 மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை, காத்திருப்பு எல்லாம் உண்டு. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் கன்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். வாங்கும்போது அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். கொடுத்து, வரிசை எண் எழுதிய பில்லைக் கையோடு வாங்கி வையுங்கள். அந்த பில் பின்னால் பல இடங்களில் உதவும்.

உரிமம் வேண்டாம் என்பதால் இதை இரண்டாந்தர விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் பிரிவிலும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவிலும் வெண்கலம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

இலக்கு எவ்வளவு பெரியது?

பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும். டார்கெட் அட்டை 17 சென்டிமீட்டர் சதுரம். நடுவில் தெரியும் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். போட்டியில் 60 குண்டுகள். மின்னணு டார்கெட் என்றால் 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்புக்கும் ஒத்திகைக்கும் தருவார்கள். நின்றபடி, ஒரே கையால், மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும்.

பிஸ்டலுக்கான விதிகள்: எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். முழுத் துப்பாக்கியும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் போட்டிக்கு முன் நடக்கும் கருவிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், நிஜ ரிவால்வர் போலவே செய்த கேஸ் பிஸ்டல்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பலவற்றின் குழலில் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் சுருள்வரிப் பள்ளம் இருக்காது, எஃகு உருண்டையைத்தான் சுடும். அதில் பழகிய கை பிறகு போட்டிப் பிஸ்டலைத் தூக்கும்போது எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எஃகு உருண்டை சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஆபத்து வேறு.

வாங்காமல் மூன்று மாதம்

முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். ரைஃபிள் கிளப்பிலோ தனியார் அகாடமியிலோ சேர்ந்து அங்கிருக்கும் பொதுப் பிஸ்டல்களில் சுடுங்கள். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. மாநில அளவில் தமிழ்நாடு சுடுதல் சங்கமும், தேசிய அளவில் 1951இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கமும் போட்டிகளை நடத்துகின்றன. மாநிலப் போட்டியில் ஆட எப்படியும் ஒரு கிளப் உறுப்பினர் அடையாளம் வேண்டும். ஆகவே இந்தச் செலவு வீண் போகாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலும் சுடுதல் உண்டு. உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் இப்போதே பெயரைச் சொல்லி வைப்பது நல்லது.

இந்த மூன்று மாதத்தில் குறைந்தது மூன்று வெவ்வேறு மாடல்களைக் கையில் பிடித்துப் பாருங்கள். கிளப் பிஸ்டல் பல கைகளுக்குச் சுற்றி வருவதால் பிடி உங்களுக்கு எப்போதும் சரியாக அமையாது. அந்தச் சிரமமே எந்த இடத்தில் இடிக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று சொல்லித் தரும்.

அதோடு ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்க மூளை அதிகம் நம்பும் கண், எது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, கையை நீட்டி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை இரு கண்ணாலும் அந்த இடைவெளி வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது புள்ளி மறைகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர்கள் கோச்சிடம் பேசி, எந்தக் கையில் சுடுவது என்று முடிவு செய்த பிறகே வாங்க வேண்டும். வலக்கைப் பிடி இடக்கைக்குப் பொருந்தாது. மாற்றுப் பிடி தனியாக வாங்கினால் செலவு கணிசமாக ஏறும்.

காற்றை எப்படி அடைக்கிறது?

ஸ்பிரிங் பிஸ்டல் விலை குறைவு. சுடும்போது உள்ளே பிஸ்டன் பாய்வதால் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டல் குலுங்கிவிடும். கையின் சிறு தவறும் பெரிதாகத் தெரியும். குண்டு போடாமல் சுட்டால் பிஸ்டன் மோதி, காற்றைக் கசியாமல் அடைக்கும் சீல் கெட்டுவிடும். போட்டிக்கு என்று நினைத்து இதை வாங்க வேண்டாம்.

ஒற்றை அழுத்தப் பிஸ்டலில் நெம்புகோலையோ மேல்மூடியையோ ஒரு தடவை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று அடைபடும். குலுக்கல் இல்லை, சிலிண்டர், பம்ப் எதுவும் வேண்டாம். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க்கில் செய்த பைக்கால் இஷ்-46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. எடை 1.3 கிலோவை ஒட்டி வரும், ட்ரிக்கரைத் திருத்தலாம், காற்று ஏற்றாமல் ட்ரிக்கரை மட்டும் தயார் செய்து வெறும் பயிற்சி எடுக்கலாம். காமோ காம்பாக்ட் இதைவிட லேசானது, எளிமையானது, ட்ரிக்கர் அவ்வளவு துல்லியம் இல்லை. இந்த வகையின் ஒரே சங்கடம் உழைப்பு: ஒத்திகையையும் சேர்த்து ஒரு போட்டியில் 80 தடவைக்கு மேல் நெம்புகோலை இழுக்க வேண்டும். மெலிந்த கைக்குக் கடைசி 20 குண்டில் நடுக்கம் ஏறும். ஒவ்வொரு தடவையும் பிடியைப் புதிதாக அமைக்க வேண்டியும் வரும்.

கார்பன் டை ஆக்சைடு வாயுவில் ஓடும் பழைய பிஸ்டல்கள் இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இவை ஒத்துவராது. வெப்பம் ஏற ஏற வாயு அழுத்தம் ஏறும், குண்டு படும் இடம் மாறும். காலை ரேஞ்சிலும் மதிய ரேஞ்சிலும் இரண்டு வேறு பிஸ்டல் வைத்திருப்பது மாதிரி ஆகிவிடும்.

இன்று போட்டிகளில் பார்ப்பதெல்லாம் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் பிஸ்டல்கள். ஸ்டேயர் எல்பி10, எவோ 10, மோரினி சிஎம் 162, பார்தினி கே12, வால்தர் எல்பி400, எல்பி500, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ் எல்லாம் இந்த வகை. தொடக்கநிலைக்கென்று வந்த ஹேமர்லி ஏபி20, ஸ்டேயர் எல்பி2 ஆகியவையும் இதே முறையில் வேலை செய்கின்றன. புதிதாக இறக்குமதி செய்த மேல்ரக மாடல் ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும், சில இரண்டு லட்சத்தையும் தொடும். ஆகவே மாணவருக்கு உண்மையான தேர்வு இரண்டுதான்: நல்ல நிலையில் உள்ள ஒற்றை அழுத்தப் பிஸ்டல், அல்லது சீனியர் ஒருவர் விற்கும் பழைய சிலிண்டர் பிஸ்டல். இரண்டாவது கிடைத்தால் அதையே எடுங்கள். எல்பி10 மாதிரிப் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிஸ்டலும் சீல்கள் மாற்றினால் உங்களைவிட நன்றாகவே சுடும்.

வெளிநாட்டு இணையக் கடையில் நேரடியாக ஆர்டர் போடாதீர்கள். துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் வரும் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும்.

பிடி: பணத்தைவிட நேரம் கேட்கும் இடம்

ஏர் பிஸ்டலின் மரப் பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும். அடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். ஒரே மாடலில் பிடி அளவு தவறினால், விலை உயர்ந்த பிஸ்டலும் கையில் நிற்காது. மாடல் பெயருக்கு முன் பிடி அளவைக் கேளுங்கள்.

சோதிக்கும் முறை: பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி, இலக்கை நோக்கி நிறுத்துங்கள். இரண்டு மூச்சு விட்ட பின் கண்ணைத் திறந்து பாருங்கள். குழல் நுனியில் உள்ள குறிக்கட்டை (முன் சைட்), பின்னால் உள்ள குறிக்கட்டையின் (பின் சைட்) பள்ளத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஐந்து தடவையில் நான்கு தடவையாவது அப்படி இருந்தால் பிடி உங்களுக்கு ஒத்து வருகிறது. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் பிடியின் கோணத்தையோ வடிவத்தையோ மாற்ற வேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சரி செய்து சுட்டால் 30ஆவது குண்டுக்குள் கை களைத்து, மணிக்கட்டு பழைய இடத்துக்கே போய்விடும்.

நடுவிரலும் மோதிரவிரலும் முன்னாலிருந்து நேர் பின்னாக அழுத்த வேண்டும். கட்டைவிரல் சும்மா படுத்திருக்கட்டும். சுட்டுவிரலின் பக்கம் மரத்தில் எங்கும் படக் கூடாது. ஒரு தாள் போகும் இடைவெளியாவது தேவை. விரல் மரத்தைத் தொட்டால் ட்ரிக்கரை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டலும் பக்கவாட்டில் தள்ளப்படும். விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி ட்ரிக்கரில் படியும்படி ட்ரிக்கர் நாக்கை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

மரம் இடிக்கும் இடத்தில் 120 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். ஒரு நாள் தேய்த்தால் மறுநாள் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி தேய்க்க வேண்டும். குழிவாக இருக்கும் இடத்தில், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் மாதிரி எபாக்ஸி மக்கை வைத்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாள் ஒரு சுற்று சுற்றி, சுடும் நிலையில் பிடித்து கைத்தடத்தைப் பதியுங்கள். இறுகிய பிறகு விளிம்பைத் தேய்த்துவிடலாம். உள்ளங்கைத் தட்டு கையை இறுக்கிக் கவ்வுவதாக இருக்கக் கூடாது: சுடும் நிலையில் ஒரு விரல் நுனி நுழையும் தளர்வு இருந்தால், கை வீங்கும் வெயில் நாளிலும் வலிக்காது. பிடி மணிக்கட்டைச் சுற்றி வருவதையும் விதி அனுமதிக்காது.

ட்ரிக்கர்

500 கிராம் என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் விரல் சற்று நகர்ந்து ஒரு இடத்தில் நிற்கும். இரண்டாம் கட்டத்தில் அந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துப்பாக்கி வெடிக்கும். முதல் கட்டத்துக்கு 350 முதல் 400 கிராம், மிச்சம் இரண்டாம் கட்டத்துக்கு என்று வைத்தால் தொடக்கநிலைக்கு வசதி. முதல் கட்டம் மிக லேசாகவும் இரண்டாம் கட்டம் கனமாகவும் இருந்தால் புதியவர் அந்தத் தடையில் நின்று, பொறுமை இழந்து, வெடுக்கென்று இழுத்துவிடுவார். அட்டையில் வலக்கைக்காரருக்கு அது கீழே இடப்பக்கமாகத் தெரியும்.

எடையை அளக்க கடையில் வாங்கும் விலை உயர்ந்த சோதனைக் கட்டை தேவையில்லை. சரியான 500 கிராம் எடைக்கல்லை மளிகைக் கடைத் தராசில் சரிபார்த்து, கம்பிக் கொக்கியில் தொங்கவிடுங்கள். குழலை நேர் மேலே நோக்கிப் பிடித்து, காற்றேற்றி, ட்ரிக்கரில் கொக்கியை மாட்டி மெல்லத் தூக்குங்கள். எடை தரையை விட்டு எழ வேண்டும், ட்ரிக்கர் விடக் கூடாது. போட்டியில் சோதிப்பவர் தரும் வாய்ப்பு அதிகம் இருக்காது, அதனால் 510 முதல் 520 வரை வைத்துக்கொள்ளுங்கள். மிகச் சரியாக 500 வைத்தவர்கள்தான் அழுதுகொண்டு ஸ்க்ரூ டிரைவர் தேடுவார்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிக்கர் உள்ள மாடலா, மெக்கானிக்கலா என்ற கேள்வி எழும். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் மென்மையானது. ஆனால் பேட்டரி, சர்க்யூட் என்று பழுதாகும் இடங்கள் கூடும். நம் ஊரில் உதிரிப் பாகம் வரக் காத்திருக்க வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதால் நேரம் இழந்து 12ஆம் இடத்தில் முடித்ததை மறக்க முடியாது. உலகத்தரப் பயிற்சியும் உதவியும் இருந்தவருக்கே அந்த நிலை. கையில் மாற்றுப் பிஸ்டல் இல்லாத மாணவருக்கு மெக்கானிக்கல் ட்ரிக்கர் நிம்மதி.

எந்த வகையை வாங்கினாலும் வெறும் பயிற்சி வசதி, அதாவது குண்டும் காற்றும் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் இயக்கும் நெம்பு, இருந்தே ஆக வேண்டும். முன்னேற்றத்தில் பாதி அதில்தான் கிடைக்கும், செலவு ஒரு பைசா இல்லை. வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, சைட் மட்டும் தெரியும்படி ஒரு நாளைக்கு 30 முதல் 40 தடவை. ட்ரிக்கர் விடும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்று கவனிப்பதே அந்தப் பயிற்சியின் முழு நோக்கம். இந்த வசதி இல்லாத பிஸ்டல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

சைட்

முன் சைட்டின் அகலமும் பின் சைட் பள்ளத்தின் அகலமும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கையை நீட்டிப் பார்க்கும்போது முன் சைட்டின் இரு பக்கமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கீற்றும் முன் சைட் அகலத்தில் பாதி அளவு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். இடைவெளி மிகக் குறுகினால் கண் சோரும்.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சைட் மேல் ஏன் இவ்வளவு கவனம் என்று தெரியும். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 330 மில்லிமீட்டர், இலக்கு 10,000 மில்லிமீட்டர். பின் சைட்டோடு ஒப்பிட முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் 30 மில்லிமீட்டர் விலகும். நடு 10இல் பட வேண்டிய குண்டு 7க்குப் போய்விடும். சைட் இரண்டும் சரியாக அமைந்தபடியே கை மொத்தமாக 10 மில்லிமீட்டர் ஆடினால் குண்டு 9இல்தான் படும். கை ஆடுவதைக் கண்டு பயப்படாமல் முன் சைட்டை மட்டும் கூர்ந்து பாருங்கள். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிவதுதான் சரி. குறி வைக்கும் இடம் வட்டத்தின் நடுவல்ல, அதற்குக் கீழே வெள்ளையில். வட்டத்துக்கும் முன் சைட்டின் மேல் விளிம்புக்கும் இடையே வெள்ளைப் பட்டை ஒன்று தெரிய வேண்டும்.

கண்ணாடி அணிபவர்கள் தனி சுடுதல் கண்ணாடிக்கு இப்போது பணம் போட வேண்டாம். குறி வைக்காத கண்ணின் லென்ஸில் ஒளி ஊடுருவும் மேஜிக் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு 60 குண்டு சுட்டால் இரண்டு கண்ணும் களைத்துப்போகும்.

பழைய பிஸ்டலைப் பார்க்கும்போது

கோச்சையோ அனுபவமுள்ள சீனியரையோ கூட்டிப் போங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விற்பவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் சிலிண்டரின் தேதி. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சிலிண்டருக்கு 10 வருட ஆயுள் சொல்வார்கள். தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். காலம் கடந்த சிலிண்டருடன் வந்தால் புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். போட்டிகளில் சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு.

அடுத்து கசிவு. சிலிண்டரை நிரப்பி, அழுத்தமானியைப் போட்டோ எடுத்து, 12 மணி நேரம் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ சீல் போயிருக்கிறது. குழல் வாயில், சிலிண்டர் சேரும் இடம் ஆகியவற்றில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். சீல் மாற்றுவது பெரிய வேலையில்லை. விலையைக் குறைக்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம் தரும் ரெகுலேட்டர் பழுதானால்தான் செலவு. பத்து குண்டு தொடர்ந்து சுட்டு, பத்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி ஒன்று சுடச் சொல்லுங்கள். அந்தக் குண்டு மட்டும் வேறு இடத்தில் பட்டால் ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை. வேகமானி கிடைத்தால் இன்னும் நல்லது: நல்ல பிஸ்டலில் வினாடிக்கு 150 மீட்டர் சுற்றிலும் குண்டுக்குக் குண்டு மூன்று நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வராது.

பிஸ்டலை மேசையில் மணல் பை மேல் தாங்க வைத்து, 10 மீட்டரில் ஐந்து குண்டு சுடுங்கள். ஓட்டைகள் 10 வளையத்துக்குள், அதாவது 11.5 மில்லிமீட்டருக்குள், அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேறு ரகப் பெல்லட் (ஈயக் குண்டு) போட்டு ஒரு தடவை பாருங்கள். அப்போதும் சிதறினால் குழல் வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஒரு சிறு வெட்டுக்காயம் போதும், குண்டு வெளியேறும் கணத்தில் காற்று ஒருபக்கமாகத் தள்ளும்.

ஸ்க்ரூ தலைகள் பிய்ந்திருந்தால் தெரியாதவர் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார் என்று பொருள். பிடியில் மக்கு அதிகம் பூசியிருந்தால் அது விற்பவரின் கைக்குச் செய்தது. வாங்கும்போது பழைய பில்லின் நகல், வரிசை எண், இருவரின் அடையாள விவரத்தோடு ஒரு விற்பனைக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாமல் எந்தப் பிஸ்டலையும் தொடாதீர்கள், அது எவ்வளவு நெருங்கிய சீனியராக இருந்தாலும்.

காற்று நிரப்பும் அடாப்டர் கையோடு வருகிறதா என்று பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மரை வேறு. உங்கள் கிளப்பின் பெரிய காற்றுச் சிலிண்டரோடு அது பொருந்தினால் கைப்பம்ப் வாங்கும் செலவு மிச்சம்.

பணத்தைப் பிரிப்பது

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 60 குண்டும் ஒத்திகை 20 குண்டும் என்றால் வாரம் 240. மாதம் ஏறக்குறைய 1000, அதாவது 500 குண்டு டின் இரண்டு. வருடத்துக்கு 24 டின். கிளப் கட்டணத்தையும் இந்த 24 டின் விலையையும் முதலில் எடுத்து வைத்த பிறகு மிச்சமிருப்பதே பிஸ்டலுக்கான தொகை. பிஸ்டலுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பெல்லட் வாங்கக் காசில்லாமல் அதைப் பெட்டியில் பூட்டி வைப்பது மாணவர்களிடம் மிகச் சாதாரணமாக நடப்பது.

பெல்லட் தட்டைத் தலையுடைய 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டாக இருக்க வேண்டும். தட்டைத் தலைதான் அட்டையில் சுத்தமான வட்ட ஓட்டை போடும். எடை 0.45 முதல் 0.53 கிராம் வரை. ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஆகியவை போட்டிக்கு. பயிற்சிக்கு அவற்றைவிட மலிவான தட்டைத் தலைப் பெல்லட் போதும்: உங்கள் குண்டுக் கூட்டம் இன்னும் 8 வளையத்தில் பரவியிருக்கும்போது பெல்லட்டின் துல்லியம் அட்டையில் தெரியாது. டின்னைத் திறந்தால் வாலில் நசுங்கியதைத் தள்ளி வையுங்கள், தரையில் விழுந்ததை எடுத்துப் போடாதீர்கள். கடற்கரை ஊர்களில் ஈரத்தால் ஈயத்தில் வெள்ளைப் பொடி படியும். மூடி இறுக்கி, உள்ளே சிலிகா பொட்டலம் ஒன்று போடுங்கள்.

கடையில் சேர்த்து விற்கப் பார்க்கும் சுடுதல் காலணி, தனிக் கண்ணாடி, எடைக்கட்டி எல்லாம் ஒரு வருடம் கழித்து வாங்கினால் போதும். தட்டை அடியுள்ள சாதாரண கேன்வாஸ் காலணியில் நின்று சுடலாம். கணுக்காலை மூடாததாக இருக்கட்டும்.

கைக்கு வந்த முதல் வாரம்

முதல் நாள் சுடாதீர்கள். ட்ரிக்கரை அளந்து, பிடியைப் பொருத்தி, சைட் கீற்றைச் சரி செய்து, வெறும் பயிற்சி மட்டும் எடுங்கள். இரண்டாம் நாள் பத்துப் பத்தாக மூன்று அட்டை சுட்டு, ஓட்டைக் கூட்டத்தின் நடுவைக் குறியுங்கள். கூட்டம் கீழே இருந்தால் பின் சைட் மேலே போக வேண்டும். இடப்பக்கம் இருந்தால் பின் சைட் வலப்பக்கம். குண்டு எங்கே போக வேண்டுமோ பின் சைட்டும் அந்தத் திசை. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே பத்து கிளிக் திருப்பி ஐந்து குண்டு சுட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று எழுதி வையுங்கள். ஒற்றைக் குண்டு விலகியதற்காகச் சைட்டைத் திருப்பக் கூடாது.

பிஸ்டலுக்குள் காற்று நிரப்பும்போது 200 பாரைத் தாண்டாதீர்கள். மெல்ல மெல்ல ஏற்றுங்கள். வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும், கையோடு போய்விடும். காற்று வால்வில் எண்ணெய் விடுவதும் அதே காரணத்தால் கூடாது. சிலிண்டர் மாட்டிய பிஸ்டலை வெயிலில் நிறுத்திய காரிலோ பைக் பெட்டியிலோ விடக் கூடாது.

குழல் எப்போதும் டார்கெட் பக்கமோ தரை பக்கமோ நோக்கியிருக்க வேண்டும், காலி என்று தெரிந்தாலும். சுடாத நேரத்தில் குழலின் முழு நீளத்துக்கும் ஓடும் பளிச் நிறப் பாதுகாப்பு நாடா குழலுக்குள் இருக்கட்டும். போட்டி விதியும் அதுதான். ரேஞ்சில் கண்ணாடி அணியுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் வடையோ டீயோ தொடாதீர்கள், குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பெட்டிக்குப் பூட்டு, சாவி உங்களிடம்.

ஊருக்குப் போகும்போது பிஸ்டல் பூட்டிய பெட்டிக்குள், சிலிண்டர் கழற்றி, பெல்லட் தனியே. கிளப் உறுப்பினர் அட்டை, பில் நகல், போட்டி என்றால் நுழைவுக் கடிதம் ஆகியவை பெட்டியின் மேல் பையில், கேட்டவுடன் எடுக்கும்படி. பஸ்ஸிலோ ரயிலிலோ விளையாட்டுப் பெருமைக்காகப் பெட்டியைத் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள். விமானத்தில் போகும்போது விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, சிலிண்டரைக் காலி செய்து, செக்-இன் சாமான்களோடு அனுப்ப வேண்டும். கையில் எடுத்துப் போக முடியாது. காலி செய்த சிலிண்டரைப் போட்டி நடக்கும் ரேஞ்சில் நிரப்பிக்கொள்ளலாம், உங்கள் அடாப்டரை மறக்காமல் எடுத்துப் போயிருந்தால்.